லாரி ஓட்டுநர் கண் அயர்ந்தால் நஷ்டம் யாரைச் சேரும்?

தக்காளி, வாழைத்தார், சின்ன வெங்காயம், பூ போன்ற விளைபொருள்கள் பெரும்பாலும் இரவில்தான் ஊர்விட்டு ஊர் போகின்றன. மாலையில் ஏற்றிய சரக்கு விடிவதற்குள் மண்டியில் இறங்கியாக வேண்டும். ஒட்டன்சத்திரத்திலோ தேனியிலோ பாலக்கோட்டிலோ ஏற்றிய லோடு, சென்னை கோயம்பேட்டை நேரத்தோடு எட்டினால்தான் விலை. வியாபாரிகள் வாங்கி முடித்தபின் போய்ச் சேர்ந்த சரக்குக்கு வண்டி வாடகை கூடக் கட்டாமல் போவதுண்டு. ஆகவேதான், "தம்பி, மூணு மணிக்குள்ள வண்டி கோயம்பேட்டுல நிக்கணும்" என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு, சரக்கின் மேலேயே தார்ப்பாயை விரித்துப் படுத்துக்கொண்டு கூடப் போவது பல ஊர்களில் வழக்கமாக இருந்து வருகிறது.

இந்த வழக்கத்தில் விவசாயிக்கு இரண்டு ஆபத்துகள் உள்ளன. ஒன்று, ஓட்டுநர் ஸ்டீயரிங்கில் கண் அயர்வது. இது எல்லோருக்கும் தெரிந்தது. மற்றொன்று விபத்து நடந்த பிறகுதான் தெரியவரும். லாரிக்கு முறையாக இன்ஷூரன்ஸ் கட்டப்பட்டிருந்தும், சரக்கின் மேல் படுத்து வந்தவரின் குடும்பத்துக்கு அந்தப் பணம் கிடைக்காமல் போய்விடலாம். அதே விவசாயி முன்னால் கேபினில் உட்கார்ந்து, கையில் ஒரு ரசீதும் வைத்திருந்தால் நிலைமை வேறு. இந்த வித்தியாசத்தை விவசாயிகள் தெரிந்துகொள்வது அவசியம்.

விடியற்காலத் தூக்கம்

மனித உடலுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. இரவு 2 மணி முதல் காலை 6 மணி வரை அது உடம்பைத் தூக்கத்துக்கு இழுக்கிறது. பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை இன்னொரு முறை, சற்று லேசாக, அசதி வரும். பழகிய ஓட்டுநர், பழகாத ஓட்டுநர் என்ற வேறுபாடு இதற்குக் கிடையாது. சந்தைக்குப் போகும் லாரிகள் சாலையில் இருப்பது இந்த முதல் நேரத்தில்தான்.

தூக்கம் முழுதாக வர வேண்டும் என்பதில்லை. கண் திறந்தபடியே மூன்று, நான்கு விநாடி மூளை ஓய்ந்துவிடும். ஓட்டுபவருக்கே அது தெரியாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. நான்கு விநாடியில் 67 மீட்டர். சதுரமான ஒரு ஏக்கர் வயலின் ஒரு பக்கத்தைவிட இது கொஞ்சம் அதிகம். அவ்வளவு தூரத்தையும் பல டன் சரக்குடன் ஒரு லாரி ஆள் இல்லாமல் கடக்கிறது என்றால் ஆபத்து எத்தகையது என்பதை யோசித்துப் பார்க்கலாம்.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை, கண் நிதானம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயச் சத்து கலந்தவரின் நிதானம் போல ஆகிவிடுகிறது என்று 1997-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. 24 மணி நேரம் விழித்திருந்தால் 100 மில்லிகிராம் கலந்தவருக்குச் சமம். நம் நாட்டுச் சட்டம் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதிக்கும் வரம்பு 30 மில்லிகிராம்தான். காலை 6 மணிக்கு எழுந்து, பகலெல்லாம் தோட்டம் தோட்டமாகப் போய் லோடு ஏற்றிய ஓட்டுநருக்கு இரவு 11 மணிக்கே 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. பயணம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது! குடித்தவரைப் பிடிக்க போலீசாரிடம் ஊதிப் பார்க்கும் கருவி உண்டு. தூங்காதவரைப் பிடிக்கச் சாலையோரத்தில் அப்படி எந்தக் கருவியும் கிடையாது.

முகத்தில் தண்ணீர் அடிப்பது, பாட்டை உரக்க வைப்பது, ஜன்னலைத் திறந்துவிடுவது, பீடி பற்ற வைப்பது எல்லாம் சில நிமிடங்களுக்கு மேல் உதவுவதில்லை. டீ, காப்பி ஓரளவு உதவும். ஆனால் குடித்து அரை மணி ஆன பிறகே அதன் வேலை தொடங்கும். தூக்கத்துக்கு மருந்து தூக்கம்தான். வண்டியைச் சாலையை விட்டு நன்றாக ஒதுக்கி, விளக்குள்ள இடத்தில் நிறுத்தி, டீ குடித்த கையோடு 15 அல்லது 20 நிமிடம் படுத்து எழுந்தால் இரண்டும் சேர்ந்து பலன் தரும். எழுந்ததும் உடனே வண்டியை எடுக்காமல் சில நிமிடம் நடந்துவிட்டு எடுப்பது நல்லது.

இதில் சரக்குக்காரர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. லோடு ஏற்ற மூன்று, நான்கு மணி நேரம் ஆகும்போது ஓட்டுநரும் கூடவே நின்று பெட்டி எண்ணிக்கொண்டிருப்பார். அந்த வேலையை வேறு ஒருவர் பார்த்து, ஓட்டுநரை ஒரு கட்டிலில் படுக்கவிட்டால் அந்த மூன்று மணித் தூக்கம் விடியற்காலத்தில் கைகொடுக்கும். செலவில்லாத யோசனை இது. தோட்டத்துப் பம்புசெட் அறையே போதும். வெப்பமும் அசதியைக் கூட்டும். அதனால்தான் 2025 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாரிக்கப்படும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் குளிர்சாதனம் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் கிராமத்துக்கு வாடகைக்கு வரும் லாரிகளில் பெரும்பாலானவை பழைய வண்டிகள்.

விதி என்று சட்டம் சொல்வதில்லை

கண் அயர்ந்து விபத்து நடந்தால், "தூக்கம் யார் கையில் இருக்கிறது, அது விதி" என்று ஊரில் சொல்வார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. திடீரென்று மாரடைப்பு வந்து வண்டி தறிகெட்டால் அது வேறு. தூக்கம் சொல்லாமல் வருவதில்லை. கொட்டாவி வருகிறது, கண் எரிகிறது, கடந்து வந்த ஊர் நினைவில் இல்லாமல் போகிறது, வண்டி கோட்டை விட்டு விலகுகிறது. இவ்வளவும் தெரிந்தும் நிறுத்தாமல் ஓட்டியதே குற்றம் என்பது சட்டத்தின் கருத்து. இங்கிலாந்தில் 1945-ல் ஒரு வழக்கு. இரவு ஷிப்டு வேலை முடித்துக் காரில் வீடு திரும்பியவர் தூங்கிப்போய், சாலையில் அணிவகுத்துச் சென்ற சிப்பாய்கள் மீது காரை விட்டுவிட்டார். தூங்கும்போது செய்ததற்கு அவர் எப்படிப் பொறுப்பாவார் என்று வாதாடப்பட்டது. தூக்கம் வருவதை உணர்ந்தவுடன் நிறுத்தியிருக்க வேண்டும் என்று கூறி நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை.

நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 186-வது பிரிவு, உடலோ மனமோ வண்டி ஓட்டும் நிலையில் இல்லை என்று தெரிந்தும் பொது இடத்தில் ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. 2019-ல் செய்த திருத்தத்தின்படி அபராதம் முதல் முறை 1,000 ரூபாய் வரை, மறுமுறை 2,000 ரூபாய் வரை. தொகை சிறியது. ஆனால் அதை அடுத்து வரும் 188-வது பிரிவைச் சரக்கு அனுப்புவோர் கவனிக்க வேண்டும். அபாயகரமாக ஓட்டுவதற்கோ, தகுதியற்ற நிலையில் ஓட்டுவதற்கோ தூண்டுபவருக்கும் அதே தண்டனை என்கிறது அது. "நான் சரக்குக்காரன்தானே, ஓட்டியது அவர்தானே" என்று ஒதுங்கிவிட முடியாது. தூக்கம் தாங்கவில்லை, நிறுத்துகிறேன் என்று ஓட்டுநர் சொன்னபிறகும் போ, போ என்று விரட்டியவர் இந்தப் பிரிவுக்குள் வரக்கூடும்.

விபத்தில் உயிர் போனால் கிரிமினல் வழக்கு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவின்படி, அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தவருக்கு 5 ஆண்டு வரை சிறை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது 2 ஆண்டாக இருந்தது. சிறைக்குப் போவது ஓட்டுநர். நஷ்ட ஈட்டைப் பொறுத்தவரை கதை அவரோடு நிற்பதில்லை.

பணம் தர வேண்டியவர் யார்?

ஓட்டுநர் வேலை செய்வது லாரி முதலாளிக்காக. வேலையின்போது அவர் செய்த தவறுக்கு முதலாளியே நஷ்ட ஈடு தர வேண்டும். இன்ஷூரன்ஸ் நடப்பில் இருந்தால் முதலாளிக்காகக் கம்பெனி தரும். ஓட்டுநர் தூங்கிவிட்டார் என்பதைக் காரணமாகக் காட்டிக் கம்பெனி கைவிரிக்க முடியாது. கம்பெனி மறுப்பதற்கு உரிய காரணங்களைச் சட்டமே வரையறுத்துக் கூறியிருக்கிறது. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியது, பர்மிட்டுக்கு மாறாக வண்டியைப் பயன்படுத்தியது, குடித்துவிட்டு ஓட்டியது போன்றவை அவற்றில் சேரும். தூக்கம் அந்தப் பட்டியலில் இல்லை. லைசென்ஸ் தவறு இருந்தாலும், அடிபட்ட வெளியாளுக்குக் கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு வண்டி முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளும்படி நீதிமன்றங்கள் உத்தரவிடுவதுண்டு. 2004-ல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கிக் கூறியது.

ஓட்டுநருக்கு ஓய்வு கொடுக்க வேண்டிய கடமை முதலாளிக்கு உண்டா? உண்டு. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்தது. தொலைதூரப் பயணத்துக்கு 10 மணி வரை போகலாம். 5 மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் அரை மணி ஓய்வு தர வேண்டும். 2025 நவம்பரில் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது இந்தச் சட்டம் அவற்றில் அடங்கிவிட்டது. நாளுக்கு 8 மணி என்ற அளவு தொடர்கிறது. ஆயினும் 1961-ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து தொழிலாளர்களாவது உள்ள நிறுவனங்களையே கட்டுப்படுத்தியது. ஒரு லாரி, ஒரு ஓட்டுநர் என்று தொழில் நடத்தும் சிறு முதலாளியிடம் வேலை நேரத்தைக் கணக்குப் பார்ப்பவர் யாரும் இருந்ததில்லை. விவசாயிகள் வாடகைக்கு அமர்த்துவது பெரும்பாலும் இத்தகைய வண்டிகளையே.

ஓட்டுநரோடு சேர்த்து ஒரு நடைக்கு லாரியை வாடகைக்குப் பேசிய விவசாயி, அந்த ஓட்டுநரின் முதலாளி ஆகிவிடமாட்டார். எதிரே வந்தவர் அடிபட்டால் நஷ்ட ஈடு லாரிக்காரர் பொறுப்பு. ஆனால் சில இடங்களில் நான்கைந்து பேர் சேர்ந்து அறுவடைப் பருவம் முழுவதற்கும் ஒரு வண்டியைக் குத்தகைக்கு எடுத்து, தாங்களே ஆள் போட்டு ஓட்டுகிறார்கள். வண்டி யார் வசத்திலும் ஏவலிலும் இருக்கிறதோ அவரையும் உரிமையாளராகக் கருதிப் பொறுப்பாக்கிய தீர்ப்புகள் உள்ளன. குத்தகை எடுப்பவர்கள் எல்லாவற்றையும் எழுத்தில் வைத்துக்கொண்டு, இன்ஷூரன்ஸ் நடப்பில் உள்ளதா, தங்கள் உபயோகம் அதில் அடங்குமா என்று பார்த்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும்.

கேபினா, சரக்கின் மேலா?

சரக்கு லாரி ஆட்களை ஏற்றிச் செல்வதற்கு உரியதல்ல. ஆகவே அதில் போகிறவர்களுக்குப் பாதுகாப்புத் தர இன்ஷூரன்ஸ் கம்பெனி முன்பு கடமைப்பட்டிருக்கவில்லை. சரக்குக்குச் சொந்தக்காரர் கூடப் போனாலும் அதே நிலைதான். 1994 நவம்பர் 14 முதல் அமலுக்கு வந்த திருத்தம் இதை மாற்றியது. வண்டியில் ஏற்றிய சரக்கின் உரிமையாளர், அல்லது அவரால் அதிகாரம் அளிக்கப்பட்ட பிரதிநிதி, கட்டாய இன்ஷூரன்ஸ் பாதுகாப்புக்குள் கொண்டுவரப்பட்டார். விவசாயிகளுக்கு இது பெரிய நன்மை.

ஆனால் நன்மை அத்தோடு நின்றுவிடுகிறது. வழியில் கைகாட்டி ஏறியவர், ஊருக்குப் போகிற லாரிதானே என்று தொற்றிக்கொண்ட மைத்துனர், கோயம்பேட்டைப் பார்க்க வந்த பையன் ஆகியோர் சரக்குக்குச் சொந்தக்காரர்கள் அல்லர். இப்படி ஏறுபவர்களுக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்பதை உச்ச நீதிமன்றம் 2002-லும் 2004-லும் தெளிவாக்கியது. 2007-ல் இன்னொரு தீர்ப்பு வந்தது. சரக்குக்குச் சொந்தக்காரரே ஆனாலும் அவர் கேபினில் பயணம் செய்தால்தான் இந்தப் பாதுகாப்பு, சரக்கின் மேல் அமர்ந்து வந்தால் இல்லை என்று அதில் கூறப்பட்டது. தார்ப்பாய் மேல் காற்றோட்டமாகப் படுத்துப் போகும் சுகத்துக்கு விலை இதுவாக இருக்கலாம்.

அப்படிப்பட்ட நிலையிலும் லாரி முதலாளியின் பொறுப்பு போய்விடுவதில்லை. தீர்ப்பு அவர்மீது வரும். ஆனால் அந்த லாரியே கடனில் வாங்கியதாக இருந்தால், தீர்ப்பு நகலைக் கையில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். நல்ல மனம் கொண்ட தீர்ப்பாயங்கள் கம்பெனியையே முதலில் கொடுக்கச் சொன்னதும் உண்டு. அதை நம்பி வண்டி ஏறுவது புத்திசாலித்தனம் அல்ல.

கூடப் போக வேண்டிய விவசாயி கேபினில்தான் உட்கார வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இருக்கை எண்ணிக்கைக்குமேல் ஆள் ஏறக்கூடாது. ஐந்து பேர் சரக்கு ஒரே லாரியில் போனால் ஐந்து பேரும் ஏற வேண்டியதில்லை. ஒருவரைப் பிரதிநிதியாக அனுப்பி, மற்றவர்கள் பஸ்ஸில் போகலாம், அல்லது மண்டிக்காரரிடம் போனில் பேசிக்கொள்ளலாம். அனுப்பப்படுபவர் பெயர், யாருடைய சரக்கு எத்தனை பெட்டி அல்லது மூட்டை, வண்டி எண், தேதி, புறப்பட்ட நேரம் இவற்றை ஒரு சீட்டில் எழுதி ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை வீட்டில் வைக்க வேண்டும். வண்டி நொறுங்கி எரிந்துபோனால் கேபினில் இருந்த சீட்டும் போய்விடும். கேபினில் இருப்பதால் இன்னொரு பயனும் உண்டு. ஓட்டுநர் கொட்டாவி விடுவதையும், வண்டி ஓரத்துக்கு இழுப்பதையும் பார்த்து நிறுத்தச் சொல்ல முடியும்.

சுமை ஏற்றி இறக்கும் கூலி ஆட்களின் நிலை சிக்கலானது. லாரி முதலாளியின் ஆட்களாக இருந்தால் தொழிலாளர் நஷ்ட ஈட்டு முறையில் ஓரளவு பாதுகாப்பு உண்டு. விவசாயி கூட்டிப் போன ஆட்கள் என்றால் கம்பெனி தகராறு செய்யும். இறக்குவதற்கு மண்டியிலேயே ஆள் இருக்கும்போது ஊரிலிருந்து ஏற்றிக்கொண்டு போவதைத் தவிர்ப்பதே நல்லது.

சொந்த வண்டி வைத்திருப்பவர்களுக்கு

இப்போது சிறு விவசாயிகளும் மினி லாரி, டிராக்டர் வைத்திருக்கிறார்கள். பகலில் காய் பறித்து, இரவில் தாமே சந்தைக்கு ஓட்டிப் போகிறார்கள். இவர்களுக்குள்ள ஆபத்து அதிகம். வண்டிச் சொந்தக்காரரே ஓட்டிப் போய், கண் அயர்ந்து மரத்தில் மோதி இறந்தால் அவர் வெளியாள் அல்லர். தம் வண்டியின் கட்டாய இன்ஷூரன்சில் அவர் குடும்பம் நஷ்ட ஈடு கேட்க முடியாது. அதற்கென்று தனியாகப் பிரீமியம் கட்டிப் பெறும் சொந்த விபத்துப் பாதுகாப்பு மட்டுமே கிடைக்கும். தனி நபர் பெயரில் உள்ள வண்டிகளுக்கு இந்தத் தொகை 15 லட்சம் ரூபாய். லைசென்ஸ் நடப்பில் இல்லாவிட்டால் இதுவும் கிடைக்காது. பாலிசித் தாளை எடுத்து, சொந்தக்காரர்-ஓட்டுநர் விபத்துப் பாதுகாப்பு என்ற இனம் சேர்க்கப்பட்டுள்ளதா என்று இன்றே பார்த்துவிடலாம்.

லைசென்ஸ் பற்றிய ஒரு குழப்பம் 2024 நவம்பரில் தீர்ந்தது. இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியையும் ஓட்டலாம், தனி ஒப்புதல் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அதற்கு மேல் எடையுள்ள லாரிக்கு இது பொருந்தாது.

டிராக்டர் டிரெய்லரில் நடவு ஆட்களை ஏற்றிச் செல்வதைப் பற்றிப் பல முறை சொல்லியாகிவிட்டது. டிராக்டரில் ஓட்டுநருக்கு மட்டுமே இருக்கை. டிரெய்லரிலும் மட்கார்டிலும் வருபவர்களுக்கு இன்ஷூரன்ஸ் இல்லை. விபத்து நடந்தால் டிராக்டர்காரரின் நிலம் வரை கேள்விக்கு வரும்.

தூக்கத்தில் வரும் லாரி வேறொன்றிலும் மோதும். இரவில் கரும்பு ஏற்றி, பின்விளக்கு இல்லாமல் சாலையில் நிற்கும் டிராக்டர்தான் அது. லாரி ஓட்டுநர் தூங்கியது தவறு. இருட்டில் விளக்கின்றி நிறுத்தியதும் தவறு. சாலையில் மற்றவர்க்கு அபாயமாக வண்டியை விட்டுவைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-வது பிரிவு தடுக்கிறது. தீர்ப்பாயம் தவறை இரு தரப்புக்கும் பங்கு போடும். டிராக்டர்காரர் பங்கு எவ்வளவோ அவ்வளவு அவருடைய நஷ்ட ஈட்டில் குறையும். ஒளி தெறிக்கும் சிவப்புப் பட்டையை டிரெய்லர் பின்னால் ஒட்ட ஆகும் செலவு மிகக் குறைவு.

வண்டியை விற்றவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டால் விற்பனை முடிந்தது என்று எண்ணுகிறார்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. வாங்கியவரின் ஓட்டுநர் எங்கோ தூங்கினால் நோட்டீஸ் விற்றவர் வீட்டுக்கு வரும். பெயர் மாற்றம் முடியும்வரை விட்டுவிடக்கூடாது.

கவிழ்ந்த சரக்குக்கு என்ன?

லாரி கவிழ்ந்து தக்காளி நசுங்கினால் அந்த லாரியின் கட்டாய இன்ஷூரன்ஸ் சரக்கின் நஷ்டத்தை ஏற்காது. வேறொரு வண்டியின் ஓட்டுநர் தூங்கி வந்து மோதியிருந்தால் அந்த வண்டியின் மீது சொத்து நஷ்டம் கோரலாம். சரக்கு ஏற்றிய லாரியின் தவறே ஆனால், ரசீது கொடுத்துப் பொதுவாகச் சரக்கு ஏற்றும் டிரான்ஸ்போர்ட் நிறுவனம்மீது 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி கேட்கலாம். இதில் ஓட்டுநரின் கவனக்குறைவை விவசாயி நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் சரக்கின் மதிப்பை முன்கூட்டி எழுதி அதற்குரிய கூடுதல் கட்டணம் கட்டாதவருக்கு, கிடைக்கும் தொகை வாடகையின் பத்து மடங்குக்கு மேற்படாது. சரக்கு பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். ரசீதே வாங்காமல் வாய்ப்பேச்சில் ஏற்றிய சரக்குக்குச் சிவில் கோர்ட்டுக்குப் போய் மல்லுக்கட்டுவதைத் தவிர வழியில்லை.

விபத்து நடந்த பின்

முதல் வேலை 108-ஐ அழைப்பது. தமிழ்நாட்டுச் சாலைகளில் விபத்துக்குள்ளானவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு செலவில் அளிக்கும் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளும் உள்ளன. பணம் இல்லை என்று தயங்க வேண்டியதில்லை.

அடுத்தது எப்.ஐ.ஆர். அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி என்ற வாசகம் எல்லா எப்.ஐ.ஆரிலும் வழக்கமாக இருக்கும். ஓட்டுநர் எத்தனை மணி நேரம் தூங்கவில்லை என்பதை யாரும் எழுதுவதில்லை. உடன் இருந்தவர்கள் அதைத் தம் வாக்குமூலத்தில் சொல்ல வேண்டும். லோடு ஏற்றத் தொடங்கிய நேரம், புறப்பட்ட நேரம், முந்திய நாள் வண்டி எங்கே போயிருந்தது, வழியில் நின்றதா என்பவை முக்கியம். சாலையில் பிரேக் போட்ட தடம் இல்லாமல் வண்டி நேராகப் போய் மோதியிருந்தால் அதைப் போட்டோ எடுத்து வைக்கலாம். டோல்கேட் பதிவுகளும் வண்டியில் ஜி.பி.எஸ். இருந்தால் அதன் கணக்கும் ஓட்டுநரின் ஓய்வில்லாத ஓட்டத்தைக் காட்டிக் கொடுக்கும். இவை கிடைக்காவிட்டாலும் மனம் தளர வேண்டாம். 1977-ல் ஒரு கார் சாலையை விட்டு விலகி மரத்தில் மோதிய வழக்கில், நடந்ததே கவனக்குறைவைச் சொல்கிறது, இல்லை என்று காட்ட வேண்டியது எதிர்த்தரப்பு என்ற முறையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நஷ்ட ஈட்டுத் தீர்ப்பாயத்தில் கிரிமினல் வழக்கு அளவுக்குச் சாட்சியமும் தேவையில்லை.

மனுவை விபத்து நடந்த இடத்திலோ, பாதிக்கப்பட்டவர் வசிக்கும் இடத்திலோ உள்ள தீர்ப்பாயத்தில் போடலாம். விழுப்புரத்தில் அடிபட்டதற்கு விழுப்புரம் அலைய வேண்டாம். 2022 ஏப்ரல் 1-க்குப் பின் நடக்கும் விபத்துகளுக்கு 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற வரம்பு வந்துள்ளது. காரியம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடக்கூடாது. தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே பெறக்கூடிய நிலையான தொகையும் உண்டு. மரணத்துக்கு 5 லட்சம், படுகாயத்துக்கு இரண்டரை லட்சம். இந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால் அதிகம் கேட்டுப் போட்ட மனு அத்துடன் முடிந்துபோகும். ஆகவே கம்பெனி ஆள் நீட்டும் தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம்.

விவசாயியின் குடும்பம் தோற்றுப்போகும் இடம் பெரும்பாலும் வருமானக் கணக்கில்தான். சம்பளச் சீட்டு கிடையாது. "நிலம் அப்படியே இருக்கிறதே, வருமானம் எங்கே போயிற்று?" என்று கம்பெனி வக்கீல் கேட்பார். 2003-ல் உச்ச நீதிமன்றமும், நிலம் வாரிசுகளிடம் இருப்பதால் இறந்தவரின் உழைப்பும் மேற்பார்வையும் போன நஷ்டத்தையே கணக்கிட வேண்டும் என்ற கருத்தைக் கூறியிருக்கிறது. அந்த உழைப்பு எவ்வளவு என்று காட்டச் சிட்டா, அடங்கல், மண்டிச் சீட்டுகள், பால் சங்கப் பாஸ்புத்தகம், கூட்டுறவுச் சங்கக் கடன் தாள், உரக்கடைப் பில் ஆகியவை உதவும். அவர் இறந்தபின் உழவுக்கும் தண்ணீர் பாய்ச்சுவதற்கும் ஆள் வைத்த கூலிக் கணக்கையும் எழுதி வைக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே வந்து, வழக்கை நடத்தித் தருகிறேன், பாதிப் பணம் தந்தால் போதும் என்று பேசும் தரகர்கள் இருக்கிறார்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், வருமானம் குறைந்தோர் ஆகியோருக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவசமாக வக்கீல் வைத்துத் தர மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும், தாலுகா கோர்ட்டு வளாகங்களில் வட்டச் சட்டப்பணிகள் குழுவும் உள்ளன. கணவரை இழந்த பெண் இதற்கு வருமானச் சான்று காட்டத் தேவையில்லை. எப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரிச் சீட்டு, ரேஷன் கார்டு, வீட்டில் வைத்த லோடுச் சீட்டின் பிரதி ஆகியவற்றுடன் நேரில் போய் மனுக் கொடுக்கலாம்.